மாட்டின் வயிறும் மடி நோயும்

விடியற்காலையில் பால் கறக்க உட்காருபவர், முதலில் வரும் இரண்டு பீச்சுப் பாலைச் செம்பில் விடாமல் உள்ளங்கையிலோ கறுப்புத் துணியிலோ விட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். பால் வெண்மையாக, ஒரே சீராக வந்தால் கவலையில்லை. அதில் தயிர்க்கட்டி போன்ற திரிகள் தென்பட்டாலும், நீர்த்து மஞ்சளித்து வந்தாலும், மடியின் ஒரு பக்கம் கல்லைப்போல் இறுகித் தொட்டால் சுட்டாலும் அன்றைய கறவை வீண். சில வேளை ஒரு காம்பு அடியோடு வறண்டு போகும். நோய் முற்றினால் மாடே போய்விடும். இரண்டு மூன்று மாடுகளை வைத்துக்கொண்டு பால் பணத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவைப் பார்க்கும் குடும்பத்துக்கு இஃது எத்துணைப் பெரிய இடி என்பதை விளக்க வேண்டுவதில்லை.

மடி நோய் என்றும் மடிவீக்கம் என்றும் வழங்கும் இந்நோய்க்குக் கண்ணேறு காரணம் என்றார்கள். கன்று முட்டியது காரணம் என்றார்கள். பூச்சி கடித்தது என்றும் சொன்னார்கள். அண்மைக்கால ஆராய்ச்சி எவரும் எதிர்பாராத ஓர் இடத்தைச் சுட்டுகிறது. அது மாட்டின் வயிறு. வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களின் நிலை குலைந்தால் மடி நோய்க்கு வழி திறக்கக்கூடும் என்பதே அந்தச் செய்தி. வயிறு எங்கே, மடி எங்கே என்று வாசகர் கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானதே. முதலில் பழைய விளக்கத்தைப் பார்த்துவிட்டுப் புதியதற்கு வருவதே முறை.

வெளியிலிருந்து வரும் பகை

1887-இல் பிரெஞ்சு நாட்டுக் கால்நடை மருத்துவ அறிஞர் நொக்கார், மொல்லெரோ என்பவருடன் சேர்ந்து, ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குத் தொற்றும் மடி நோய்க்குச் சங்கிலி வடிவான ஒரு கிருமியே காரணம் என்று எடுத்துக்காட்டினார். அதன் பிறகு ஸ்டஃபிலோகாக்கஸ், ஈ. கோலி முதலிய வேறு பல கிருமிகளும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டன. இவை காம்பின் நுனியிலுள்ள சிறு துவாரத்தின் வழியாக உள்ளே ஏறுகின்றன. அந்தத் துவாரத்தை மெழுகு போன்ற ஒரு பொருள் காத்து நிற்கிறது. ஆயினும் கறந்து முடித்த உடனே துவாரம் மூடிக்கொள்வதில்லை. அரை மணி, ஒரு மணி நேரம் அது தளர்ந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணத்திலும் சேற்றிலும் படுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்ததைப்போல்தான்.

1960களில் இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகிலிருந்த பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு ஐந்து வழிகளை வகுத்தனர். ஒவ்வொரு முறை கறந்த பின்பும் காம்பைக் கிருமிநாசினியில் நனைப்பது, பால் வற்றும் காலத்தில் மடிக்குள் மருந்திடுவது, நோய் கண்டவுடன் மருத்துவம் செய்வது, கறவை இயந்திரத்தைப் பழுதின்றி வைத்திருப்பது, மீண்டும் மீண்டும் நோய்ப்படும் மாட்டை மந்தையிலிருந்து நீக்குவது என்பன அவை. பலன் பெரிது. மாட்டுக்கு மாடு தொற்றும் கிருமிகள் வெகுவாகக் குறைந்தன.

ஆனால் நோய் ஒழியவில்லை. மாட்டுக்கு மாடு தொற்றாமல், சாணத்திலும் கொட்டகைத் தரையிலும் இயல்பாகவே வாழும் ஈ. கோலி போன்ற கிருமிகளால் வரும் மடி நோய், துப்புரவான பண்ணைகளிலும் நீடித்தது. ஒரே கொட்டகையில், ஒரே கையால் கறக்கப்படும் பத்து மாடுகளில் இரண்டுக்கு மட்டும் நோய் காண்பது ஏன்? கன்று போட்ட முதல் சில வாரங்களில் அது மிகுந்து காண்பது ஏன்? ஈன்ற மாட்டின் உடல் தளர்ந்து எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும் என்பது ஒரு விடை. அந்த விடை சரியே. ஆனால் அதே வாரங்களில் இன்னொன்றும் நடக்கிறது. பால் பெருக வேண்டும் என்ற ஆவலில் மாட்டின் தீவனம் திடீரென்று மாற்றப்படுகிறது. பசும்புல்லும் வைக்கோலும் குறைந்து, மாவும் தானியமும் ஏறுகின்றன.

வயிற்றுக்குள் ஒரு பட்டினம்

மாட்டுக்கு நான்கு வயிறு என்பது பள்ளிப் பாடம். உண்மையில் ஒரே வயிறுதான் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. முதல் அறையாகிய பெருவயிறு மட்டும், வளர்ந்த கறவை மாட்டில், நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். மாடு மேய்ந்தது முதலில் போய்ச் சேருமிடம் அதுதான். புல்லின் நாரைச் செரிக்க வல்ல நொதி எதையும் மாட்டின் உடல் சுரப்பதில்லை. அந்த வேலையைச் செய்பவை பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். ஒரு மில்லிலிட்டர் வயிற்று நீரில் 1,000 கோடிக்கும் குறையாத பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றோடு ஓரணு உயிர்களும் பூஞ்சைகளும் கலந்து வாழ்கின்றன. காற்றுப் பட்டால் மடிந்துவிடும் இவ்வுயிர்களை வளர்த்து ஆராயும் முறையை வகுத்தவர் அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹங்கேட். 1966-இல் அவர் எழுதிய நூல் இத்துறையில் இன்றும் மதிக்கப்படுகிறது.

மாடு புல்லைத் தின்று இந்த நுண்ணுயிர்களுக்கு ஊட்டுகிறது; நுண்ணுயிர்கள் மாட்டுக்கு ஊட்டுகின்றன. நாரைப் புளிக்க வைத்து அவை வெளிவிடும் அசெட்டிக், புரொப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களே மாட்டின் முதன்மையான உணவு. பாலிலுள்ள கொழுப்பில் கணிசமான ஒரு பங்கு அசெட்டிக் அமிலத்திலிருந்து பிறக்கிறது. பியூட்டிரிக் அமிலம் வயிற்றுச் சுவரின் அணுக்களுக்கே ஊட்டமாகிறது. இந்தப் பியூட்டிரிக் அமிலத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கதையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

இவ்வளவு அமிலம் ஊறும் இடம் புளித்துப் போகாமல் இருப்பது எப்படி? அதற்கும் இயற்கை வழி செய்திருக்கிறது. மாடு நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் அசைபோடுகிறது. அசைபோடும்போது சுரக்கும் எச்சில், நாள் முழுவதற்கும் கணக்கிட்டால், 100 லிட்டருக்கு மேலாகும். அந்த எச்சிலில் ஆப்பச் சோடாவைச் சேர்ந்த உப்பு கரைந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கும் மேல் அது வயிற்றில் இறங்கி அமிலத்தை அடக்குகிறது. நீளமான நார் இருந்தால்தான் அசை உண்டு. அசை இருந்தால்தான் எச்சில். எச்சில் இருந்தால்தான் அமிலத்துக்குக் கடிவாளம். மாடு மரத்தடியில் படுத்துக் கண்ணை மூடி அசைபோடுவதைச் சோம்பல் என்று எண்ணுவோர் உண்டு. அது தனக்கு வேண்டிய மருந்தைத் தானே தயாரித்துக்கொண்டிருக்கிறது!

சோறு நஞ்சாகும் விதம்

மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, பொங்கற்சோற்றை ஊட்டுவது தமிழர் மரபு. ஒரு கவளம் இரண்டு கவளம் ஊட்டுவதால் தீங்கில்லை. அன்பு மிகுந்து பானையோடு வைத்துவிடுவதுதான் ஆபத்து. விருந்து வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு மாட்டின் முன் வைப்பதும் அப்படிப்பட்டதே. மறுநாள் மாடு தலையைத் தொங்கவிட்டு, அசைபோடாமல், புளித்த மணத்தோடு கழிந்து, எழ முடியாமல் கிடக்கும். சில மாடுகள் பிழைப்பதில்லை. தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் பொங்கலையொட்டி இது குறித்து எச்சரிப்பது வழக்கமாகிவிட்டது.

நடப்பது இதுதான். சோறு, மாவு, மரவள்ளி, ரொட்டி முதலியவற்றிலுள்ள மாச்சத்து நாரைப்போல் மெல்லப் புளிப்பதில்லை, விரைந்து புளிக்கிறது. மாச்சத்தைக் கண்டதும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்னும் பாக்டீரியம் அளவின்றிப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. பால் தயிராகும்போது உண்டாகும் அதே அமிலம்தான். அதைத் தின்று அடக்கும் வேறு பாக்டீரியாக்களும் வயிற்றில் உண்டு. ஆனால் அவை பெருகச் சில நாட்களாவது வேண்டும். தீவன மாற்றம் படிப்படியாக இருந்தால் அவற்றுக்கு அந்தக் காலம் கிடைக்கிறது. ஒரே நாளில் மாற்றினால் கிடைப்பதில்லை.

பொங்கற்சோற்றால் வருவது பட்டென்று கண்ணுக்குத் தெரியும் நோய். அதைவிட வஞ்சகமானது நாள்தோறும் சிறுகச் சிறுக நடக்கும் குலைவு. அமிலத்தின் கடுமையை அளக்கும் பி.எச். என்ற அளவுகோலில் நலமான பெருவயிறு 6-க்கும் 7-க்கும் இடையே நிற்கும். எண் குறையக் குறைய அமிலம் மிகும். அடர்தீவனம் மிகுந்த மாட்டில் அது தினமும் பல மணி நேரம் 5.8, 5.6 என்ற அளவுக்குக் கீழே இறங்கிக் கிடக்கும். மாடு படுத்துவிடாது. பாலும் கொடுத்துக்கொண்டிருக்கும். பாலில் கொழுப்புக் குறையும். சாணம் இளகி நுரைக்கும். ஒரு நாள் தீவனத்தை ஆவலோடு தின்று மறுநாள் மோந்து பார்த்துவிட்டு நிற்கும். சில மாதங்களில் குளம்பு நொந்து நடை தடுமாறும். இவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பவர் குறைவு.

சுவர் கசிகிறது

இந்த அமிலத்தில் நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் முதலில் வாடுகின்றன. பலவகைப் பாக்டீரியாக்கள் வாழ்ந்த இடத்தில் சில வகைகளே கொழிக்கின்றன. மடிந்த பாக்டீரியாக்களில் ஒரு பெரும் பிரிவின் புறவுறையில் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருள் உண்டு. அந்தப் பாக்டீரியம் சிதையும்போது அப்பொருள் வயிற்று நீரில் கலக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் வரை அதனால் பெருந்தீங்கு இல்லை. இரத்தத்தில் கலந்தால் அது நஞ்சு. காய்ச்சலையும் வீக்கத்தையும் எழுப்ப மிகச் சிறிதளவே போதும். கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகத்தார் 2005-இல் மாடுகளுக்குத் தானியத்தைக் கூட்டிக் கொடுத்து வயிற்றை அமிலமாக்கிப் பார்த்தபோது, வயிற்று நீரில் இந்த நஞ்சு பெருகியது. அதோடு, உடலில் எங்கோ அழற்சி மூண்டிருப்பதைக் காட்டும் புரதங்கள் இரத்தத்தில் மிகுந்தன.

வயிற்றிலிருப்பது இரத்தத்துக்குப் போகுமா? போகும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1954-இல் அமெரிக்காவில் ஜென்சன் முதலியோர், தானியம் தின்று கொழுத்த இறைச்சி மாடுகளின் கல்லீரலில் சீழ்க்கட்டிகள் மிகுந்திருப்பதையும், அதே மாடுகளின் பெருவயிற்றுச் சுவர் புண்பட்டிருப்பதையும் தொடர்புபடுத்திக் காட்டினர். புண்ணான சுவரின் வழியே வயிற்றுப் பாக்டீரியம் இரத்தத்தில் ஏறிக் கல்லீரலில் போய்த் தங்குகிறது. வயிற்றுக்கும் கல்லீரலுக்கும் வழி உண்டென்றால் அதற்கப்பாலும் வழி இருக்கலாம் அன்றோ? (கசிவு பெருவயிற்றில்தான் நிகழ்கிறதா, செரிக்காத மாச்சத்து போய்ச் சேரும் பெருங்குடலில் நிகழ்கிறதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெருங்குடலின் உட்சுவர் ஒற்றை வரிசை அணுக்களால் ஆனது. அதனால் அதன் மீது ஐயப்படுவோர் பலர்.)

மடி இந்தக் கதையில் நுழையும் இடம் இதுவே. ஒரு லிட்டர் பால் ஊற, மடி வழியே 400 முதல் 500 லிட்டர் இரத்தம் ஓடியாக வேண்டும். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் கறக்கும் மாட்டின் மடியில் 4,000 லிட்டருக்குக் குறையாத இரத்தம் பாய்கிறது. இரத்தத்தில் சிறிதளவு நஞ்சு இருந்தாலும் மடி அதை ஓயாமல் சந்தித்துக்கொண்டே இருக்கும். பாலுக்கும் இரத்தத்துக்கும் இடையே ஒரு மெல்லிய வேலி உண்டு. பால் சுரக்கும் அணுக்கள் ஒன்றோடொன்று இறுகத் தைத்ததுபோல் ஒட்டி நிற்பதே அந்த வேலி. அழற்சி மூண்டால் தையல் தளர்கிறது. இரத்தத்தின் உப்பு பாலில் கசிகிறது. நோய்ப்பட்ட மடியின் பால் கரிப்பதற்குக் காரணம் இதுதான். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும் பாலில் இறங்குகின்றன. நலமான மடியின் பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு இவ்வணுக்கள் இரண்டு இலட்சத்தைத் தாண்டுவதில்லை. தாண்டினால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், உள்ளே நோய் இருப்பதாகக் கொள்வர்.

அந்த மறைவான நோயைக் கண்டறிய 1957-இல் கலிபோர்னியாவில் ஷாம், நூர்லாண்டர் என்ற இருவர் எளிய சோதனை ஒன்றை அமைத்தனர். நான்கு குழிகள் கொண்ட தட்டில் நான்கு காம்புப் பாலையும் தனித்தனியே விட்டு, சவர்க்காரத்தைப் போன்ற ஒரு கரைசலைச் சேர்த்துச் சுழற்ற வேண்டும். வெள்ளணுக்கள் மிகுந்த பால் கஞ்சிபோல் கெட்டியாகிவிடும். ஆய்வுக்கூடமோ பூதக்கண்ணாடியோ வேண்டுவதில்லை. இத்துணைச் சிக்கனமான கண்டுபிடிப்பு இவ்வளவு காலம் கழிந்தும் எல்லாக் கொட்டகைகளையும் எட்டாமல் இருப்பது வருந்தத்தக்கது.

எலி சொன்ன சாட்சி

வயிறு கெட்ட மாட்டுக்கு மடியும் கெடுகிறது என்று கண்டால் மட்டும் போதாது. மடி நோய் வந்த மாடு சரியாகத் தின்னாது. அதற்குக் கிருமிக்கொல்லி மருந்தும் ஊசி வழியே ஏறியிருக்கும். அதனாலேயே வயிறு கெட்டிருக்கலாம். எது முன், எது பின்? இதைத் தீர்க்கச் சீன ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். பிறந்தது முதல் எந்தக் கிருமியும் படாமல், அடைத்த கூண்டுக்குள் வளர்க்கப்பட்ட எலிகளை எடுத்துக்கொண்டனர். ஒரு பிரிவுக்கு நலமான மாட்டின் சாணத்து நுண்ணுயிர்களையும், மற்றொரு பிரிவுக்கு மடி நோய் கண்ட மாட்டின் சாணத்து நுண்ணுயிர்களையும் வயிற்றில் செலுத்தினர். எலியின் மடியை எவரும் தொடவில்லை. ஆயினும் நோயுற்ற மாட்டின் நுண்ணுயிர்களைப் பெற்ற எலிகளின் பால்சுரப்பியில் அழற்சியின் அடையாளங்கள் தோன்றின. குடலிலும் மண்ணீரலிலும் இரத்தத்திலும்கூட அழற்சி காணப்பட்டது. அவற்றோடு நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொடுத்த எலிகளிடம் நோய் தணிந்திருந்தது.

2020-இல் சாங்சுன் நகரிலுள்ள ஜிலின் பல்கலைக்கழகத்தார் கேள்வியைத் திருப்பிப் போட்டனர். கிருமிக்கொல்லி மருந்துகளைக் கொடுத்து எலிகளின் குடல் நுண்ணுயிர்களை அழித்துவிட்டு, அதன் பிறகு மடிக்குள் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்தினர். குடல் வெறுமையான எலிகளுக்கு நோய் மற்ற எலிகளைவிடக் கடுமையாக மூண்டது; பாலுக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள வேலியும் வலுவிழந்திருந்தது. நலமான எலிகளின் குடல் நுண்ணுயிர்களை மீண்டும் ஊட்டியபோது நிலை திருந்தியது. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அசெட்டிக், பியூட்டிரிக் முதலிய அமிலங்களின் உப்பைக் கொடுத்தாலும் ஓரளவு பயன் இருந்தது. மடியில் கிருமி நுழைவது ஒன்று; நுழைந்த கிருமியை மடி சமாளிப்பது வேறு என்பதை இச்சோதனை காட்டுகிறது. சமாளிக்கும் வலுவில் ஒரு பங்கு வயிற்றிலிருந்து வருகிறது.

அதே பல்கலைக்கழகத்தார் 2022-இல் ரோஸ்பூரியா என்ற குடற் பாக்டீரியத்தைத் தனியே எடுத்து ஆராய்ந்தனர். பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியம் அது. அதை ஊட்டிய எலிகளில், குடற் பாக்டீரியாக்கள் மடிக்குப் பெயர்வது தடுக்கப்பட்டு, அழற்சி குறைந்தது. முன்பு நினைவில் வைக்கச் சொன்ன பியூட்டிரிக் அமிலம் இங்கே சுவரைப் பூசும் கொத்தனாராகத் தோன்றுகிறது.

இவ்வளவையும் கேட்டு, மடி நோய் முழுவதும் வயிற்றால் வருவதென்று முடிவு கட்டுவது பிழை. எலிக்குப் பெருவயிறு இல்லை. அது அசைபோடும் விலங்கும் அன்று. எலியில் கண்டதை மாட்டின் மீது ஏற்றும்போது எச்சரிக்கை வேண்டும். நாஞ்சிங் வேளாண் பல்கலைக்கழகத்தார் ஆடுகளுக்கும் மாடுகளுக்கும் அடர்தீவனத்தை மிகுத்துக் கொடுத்து, இரத்தத்தில் நஞ்சு கூடுவதையும் மடியில் அழற்சியின் அறிகுறிகள் எழுவதையும் கண்டிருக்கிறார்கள். ஆயினும் கொட்டகைகளில் காணும் மடி நோயில் எத்தனை பங்கு இவ்வழியால் வருகிறது என்று எவரும் கணக்கிட்டுச் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. வயிறு கெட்ட மாடு நீராகக் கழிகிறது. வால், தொடை, மடி எல்லாம் சாணம் ஆகிறது. அந்தச் சாணத்துக் கிருமி காம்பு வழியே ஏறுகிறது. உள்வழியை ஆராயும் ஆர்வத்தில் இந்த எளிய வெளிவழியை மறந்துவிடலாகாது. எப்படிப் பார்த்தாலும் தொடக்கம் தீவனத் தொட்டியில்தான்.

தாய்மாருக்கும் உண்டு

குடலுக்கும் பால்சுரப்பிக்கும் உள்ள உறவு மாட்டோடு நிற்பதில்லை. 1975-இல் கோல்ட்ப்ளம் முதலியோர், நிறைமாதப் பெண்களுக்குத் தீங்கற்ற ஒருவகை ஈ. கோலியை வாய்வழியே கொடுத்துப் பார்த்தபோது, அதே கிருமியை எதிர்க்கும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் அவர்களுடைய சீம்பாலில் காணப்பட்டன. குடலில் பயிற்சி பெற்ற காவலர் மார்புக்குப் பயணம் செய்கின்றனர் என்பது அன்று விளங்கியது. மாட்டில் இந்த ஏற்பாடு அவ்வளவு முதன்மையானதன்று. அதன் சீம்பாலிலுள்ள எதிர்ப்பொருளில் பெரும்பகுதி இரத்தத்திலிருந்தே இறங்குகிறது.

பிள்ளைக்குப் பாலூட்டும் பெண்களுக்கு மார்பில் பால் கட்டி, வீங்கி, காய்ச்சல் வருவதும் இதே இனத்து நோய்தான். ஸ்பெயின் நாட்டில் 352 பெண்களைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தாய்ப்பாலிலிருந்து பிரித்தெடுத்த லாக்டோபாசில்லஸ் வகைகளை விழுங்கக் கொடுத்த பெண்கள், கிருமிக்கொல்லி மருந்து பெற்றவர்களைவிட நன்கு தேறினர். நோய் திரும்பி வருவதும் அவர்களிடம் குறைந்திருந்தது. ஒரே ஆராய்ச்சியைக் கொண்டு மருத்துவ முறையை மாற்ற இயலாது என்று மற்ற மருத்துவர்கள் தயங்குவதும் முறையே. காய்ச்சல் விடாமல் அடிக்கும் தாயைத் தயிரும் மோரும் கொடுத்து வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது அறிவுடைமை ஆகாது. அவர் மருத்துவமனைக்குப் போகவேண்டியவர்.

தீவனத் தொட்டியின் பக்கம்

மலாயாத் தோட்டங்களில் தமிழர் வளர்த்த மாடுகள் முன்னாளில் பால்மரங்களின் நிழலில் மேய்ந்தன. இந்தியாவிலிருந்து வந்த அவ்வினத்தை, 'உள்நாட்டு இந்தியக் கறவை மாடு' என்றே இந்நாட்டுக் கால்நடைத் துறையார் வகைப்படுத்தினர். அது கொடுத்த பால் சொற்பம். தின்றது பெரும்பாலும் புல். பிறகு சாஹிவாலும் ஃபிரீசியனும் கலந்த மாடுகள் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தன. பால் கூடியது. புல் தரை சுருங்கியது. இன்று தொட்டியில் விழுவது செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு, சோயாச் சக்கை, பியர் ஆலைச் சக்கை, தவிடு, மரவள்ளிச் சக்கை, சில இடங்களில் விற்காத ரொட்டி. இவை எல்லாம் ஒரே தன்மையன அல்ல. செம்பனைப் புண்ணாக்கில் மாச்சத்துக் குறைவு, நார் உண்டு. ஆனால் அந்த நார் பொடியாக இருப்பதால் மாட்டை அசைபோட வைப்பதில்லை. ரொட்டியும் மரவள்ளியும் தவறாது விரைந்து புளிப்பவை. விலை மலிவு என்று ரொட்டியை மூட்டையாக வாங்கி அவிழ்த்துவிடுபவர், பாலில் பெற்றதை மருந்தில் இழக்க நேரும்.

கன்று போட்ட மாட்டுக்கு அடர்தீவனத்தைக் கூட்டத்தான் வேண்டும். அதை ஒரே நாளில் கூட்டாமல் இரண்டு மூன்று வாரங்களில் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரிக்க வேண்டும். முதலில் புல், பிறகு மாவு என்ற வரிசை நல்லது. நேப்பியர் புல்லைத் தூளாக நறுக்கிவிட்டால் அது புல்லாகப் பயன்படாது. வாயில் நின்று மெல்லும் நீளம் வேண்டும். ஆப்பச் சோடாவைத் தீவனத்தில் சேர்ப்பதும் உண்டு. அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பால் சேகரிக்கும் இடத்தில் கொழுப்பைச் சோதிப்பார்களானால், அந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வைப்பது பயன் தரும். திடீரென்று அது சரிந்தால், பால் விலை குறையும் என்ற கவலைக்கு முன்னால், வயிற்றைப் பற்றிய கவலை வரவேண்டும்.

கிருமிக்கொல்லி மருந்து பற்றி ஒரு வார்த்தை. மருத்துவர் குறித்துக் கொடுத்ததை, குறித்த நாள் முடியும் வரை கொடுப்பது கட்டாயம். பக்கத்து வீட்டில் மிஞ்சிய மருந்தை வாங்கி, காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் மடிக்கும் ஒன்றாகச் செலுத்துவதுதான் கேடு. எலிச் சோதனை காட்டியபடி, காவலாக இருந்த நுண்ணுயிர்களையும் அது சேர்த்துக் கொன்றுவிடக்கூடும்.

கறந்து முடித்தவுடன் காம்பை மருந்தில் நனைத்து, மாட்டின் முன் ஒரு கட்டுப் பசும்புல்லைப் போட்டால் அது நின்றுகொண்டே தின்னும். காம்புத் துவாரம் மூடும் வரை படுக்காது. வயிற்றுக்கும் நார் சேரும். பிறகு, வெயில் ஏறி மாடுகள் படுத்த நேரத்தில் கொட்டகைப் பக்கம் ஒருமுறை போய் வாயை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். தின்னாமல் படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். எண்ணிக்கை அதற்குக் குறைந்தால், மடியைத் தொட்டுப் பார்க்குமுன் தீவனத் தொட்டியைக் கிளறிப் பார்ப்பது நல்லது.